சூடு தெரியாத வலது கை: கேள்வியும் பதிலும்

ஆறு வருடத்துக்கு முன்பு எனக்கு ஸ்ட்ரோக் வந்தது. மூளையின் அடியில், முதுகுத்தண்டோடு சேரும் இடத்துக்கு முகுளம் என்று பெயர். அதன் இடது ஓரத்தில் பட்டாணி அளவு அடைப்பு. நடக்கிறேன், பேசுகிறேன், எழுதுகிறேன். ஆனால் வலது தோளிலிருந்து உள்ளங்கால் வரை சூடு, குளிர், ஊசிக் குத்து எதுவும் சரியாகத் தெரியாது. முகத்தில் மட்டும் இடது பக்கம் தெரியாது. அதற்கு முன் இருபது வருடம் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். நான் மருத்துவர் இல்லை, மாத்திரை அளவு கேட்டால் பதில் வராது. இனி கேள்விகள்.

சேலத்திலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு இடது முகமும் வலது காலும் சூடு உணரவில்லை. ஒரே அடைப்பு என்கிறார் டாக்டர். மூளையில் ஒரு பக்கம் அடிபட்டால் உடம்பில் எதிர்ப்பக்கம்தானே போகும்? இரண்டு பக்கமும் எப்படி?

நல்ல கேள்வி அம்மா. டாக்டர் சொன்னது சரி. காலிலும் கையிலும் இருந்து சூட்டையும் வலியையும் சுமந்து வரும் நரம்புப் பாதை, முதுகுத்தண்டுக்குள் நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே மறுபக்கம் தாவிவிடும். வலது காலின் செய்தி இடது பக்கமாகத்தான் மேலே ஏறுகிறது. முகத்தின் பாதை வேறு மாதிரி. அது தலைக்குள் நுழைந்ததும் முதலில் அதே பக்கமாக முகுளம் வரை கீழே இறங்கி, பிறகுதான் மறுபக்கம் போகும். இந்த இரண்டும் முகுளத்தின் ஓரத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு போல இருக்கின்றன. அங்கே சின்ன அடைப்பு வந்தால் போதும், இடது முகமும் வலது உடம்பும் சேர்ந்து போய்விடும்.

தொடு உணர்ச்சி போகும் பாதை தனி. அது முகுளத்தில் நடுக்கோட்டை ஒட்டி ஓடுகிறது, அதனால் தப்பிவிடுகிறது. அப்பா கண்ணை மூடிக்கொண்டே சட்டைப் பையில் இருப்பது ஐந்து ரூபாயா பத்து ரூபாயா என்று தடவிச் சொல்லிவிடுவார். பஞ்சால் தொட்டு ‘தெரியுதா?’ என்று கேட்டால் ‘தெரியுது’ என்பார். இதனாலேயே சிலருக்கு இந்தக் குறை வார்டில் கண்ணில் படாமல், வீட்டுக் குளியலறையில்தான் தெரியவருகிறது.

ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் வாலன்பெர்க் 1895-ல் இப்படி ஒரு நோயாளியைப் பார்த்து, அடைப்பு எங்கே இருக்கும் என்று எழுதிவைத்தார். அந்த நோயாளி இறந்த பிறகு மூளையைப் பார்த்து 1901-ல் அதை உறுதிசெய்தார். டிஸ்சார்ஜ் சீட்டில் அவர் பெயர் இருந்தால் பயப்பட வேண்டாம், வியாதி இதுதான்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் எவர்சில்வர் டம்ளரில் காபி, டபரா இல்லாமல். வலது கையில் பிடித்தபடி தம்பியோடு பேசிக்கொண்டிருந்தேன். டம்ளரின் வழவழப்பு தெரிந்தது, கனம் தெரிந்தது, விளிம்பு தெரிந்தது. மனைவி ஓடிவந்து பிடுங்கியபோது நான்கு விரல் நுனியும் சிவந்திருந்தன.

திருநெல்வேலி வாசகர்: உணர்ச்சி திரும்ப வருமா?

நடை, தலைசுற்றல், விழுங்கும் சிரமம் எல்லாம் பெரும்பாலும் நன்றாகத் தேறும். சூடு உணர்வு ஆளுக்கு ஆள் மாறும். எனக்கு முதல் வருடத்தில் கொஞ்சம் திரும்பியது, அப்புறம் அங்கேயே நின்றுவிட்டது. வராது என்றும் சொல்லமாட்டேன், வரும் என்று வாக்கும் கொடுக்கமாட்டேன்.

கோவை வாசகர்: கீசர் தண்ணீரில் குளிக்கலாமா?

குளிக்கலாம். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். மாற்றிச் செய்யாதீர்கள். உணர்ச்சி இருக்கும் பக்கத்துக் கையை விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். 60 டிகிரி தண்ணீர் ஐந்தே விநாடியில் தோலைப் பொசுக்கிவிடும். பல கீசர்களில் அதற்கு மேலும் வைக்க முடியும், குறைத்து வையுங்கள். பைக் சைலன்சர், தோசைக்கல், இஸ்திரிப்பெட்டி, மடியில் வைக்கும் லேப்டாப் எல்லாம் இதே கணக்குதான்.

ஈரோடு வாசகர்: மாமாவுக்குச் சர்க்கரை. இரண்டு பாதமும் மரத்துப்போயிருக்கிறது.

அது வேறு கதை. பாதத்து நரம்பின் பிரச்சினை, முகுளத்துடையது இல்லை. சர்க்கரை டாக்டரிடம் பாதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

திண்டுக்கல் சகோதரி: மரத்த காலுக்குத் தவிட்டு ஒத்தடம் கொடுத்தால் உணர்ச்சி வருமா?

வராது, கொப்புளம்தான் வரும். கோளாறு காலில் இல்லை.

சென்னை வாசகர்: நான்கு மாதம் கழித்து மரத்த பக்கம் எரிகிறது. ஏசி காற்று பட்டாலே மிளகாய் அரைத்துப் பூசியது போல இருக்கிறது. வீட்டில் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

நான் நம்புகிறேன் தம்பி. அடிபட்ட பாதை சும்மா இருக்காமல் பொய்ச் செய்தி அனுப்புகிறது. ஸ்ட்ரோக் வந்து வாரங்கள், மாதங்கள் கழித்து இது தொடங்கும். சூடு தெரியாத இடத்தில்தான் எரியும், அதுதான் இதன் கூத்து. பாராசிட்டமால் பெரும்பாலும் பிரயோஜனப்படாது. இதற்கு அமிட்ரிப்டிலின், கபாபென்டின், லாமோட்ரிஜின் போன்ற மருந்துகளைத்தான் கொடுத்துப் பார்ப்பார்கள். நரம்பியல் மருத்துவரிடம் ‘எரிச்சல்’ என்ற சொல்லையே சொல்லுங்கள். வெறும் ‘வலி’ என்றால் மூட்டுவலிக் கணக்கில் போய்விடும்.

மதுரை வாசகர்: 38 வயது நண்பனுக்கு இதே ஸ்ட்ரோக். சலூனில் கழுத்தில் நெட்டி எடுத்ததால் என்கிறார்கள். உண்மையா?

இருக்கலாம். முகுளத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் கழுத்து எலும்புகளின் ஓட்டைகள் வழியாக ஊசிநூல் போல ஏறி, உச்சியில் வளைந்து போகிறது. கழுத்தை வெடுக்கென்று திருப்பினால் அதன் உள்சுவர் கிழியலாம், கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து அடைக்கும். இளவயதில் இந்த ஸ்ட்ரோக் வருவதற்கு இந்தக் கிழிசல் முக்கியமான காரணம்.

சலூன் வைத்திருக்கும் ஒருவர்: முப்பது வருடமாக நெட்டி எடுக்கிறேன். ஒருத்தர்கூட விழுந்ததில்லை. எங்கள் பிழைப்பில் மண் போடாதீர்கள்.

கோபம் புரிகிறது அண்ணே. நிறைய பேருக்கு ஒன்றும் ஆகாது என்பதும் நிஜம். ஆனால் கிழிந்த குழாய் அடைத்துக்கொள்ளச் சில மணி நேரமோ சில நாளோ ஆகும். அவர் வீட்டில் விழுந்தால் உங்கள் கடைக்குத் தந்தி வராது.

அதே மதுரை வாசகர்: பிசியோதெரபிஸ்டுகளும் கழுத்தைத் திருப்பத்தானே செய்கிறார்கள்?

செய்கிறார்கள். நானும் செய்தேன், பிறகு விட்டுவிட்டேன். சலூன்காரரை மட்டும் குற்றம் சொன்னால் அது யோக்கியமில்லை.

சலூன்காரர் மறுபடி: கழுத்து வலி என்று வந்து கேட்பதே அவர்கள்தான்!

அதுவும் சரியான பாயின்ட். குழாய் ஏற்கெனவே கிழிந்திருந்தாலும் கழுத்து வலிக்கும். அந்த வலியோடுதான் அவர் உங்கள் நாற்காலியில் வந்து உட்காருகிறார். எது முதல், எது பின் என்று பல கேஸ்களில் பிரிக்க முடியாது. அதனால்தான் கேட்கிறேன், தலையைப் பிடித்து விடுங்கள், தோளை அமுக்குங்கள், கழுத்தை மட்டும் திருப்பாதீர்கள். இதைப் பற்றி இன்னும் பதினொரு பேர் கேட்டிருக்கிறீர்கள், எல்லோருக்கும் இதே பதில்.

தஞ்சை வாசகர்: அண்ணனுக்கு நேற்றிலிருந்து விக்கல், தலைசுற்றல், குரல் கம்மல். சாப்பிட்டால் புரையேறுகிறது. சி.டி. நார்மல்.

இதைப் படிப்பதை விட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். முகுளத்து அடைப்பு தொடக்க சி.டி.யில் பெரும்பாலும் தெரியாது, முதல் நாளில் எம்.ஆர்.ஐ.கூட ஏமாற்றும். வாய் கோணாமல், கை தொய்யாமலும் ஸ்ட்ரோக் வரும். ரத்தக்கட்டி கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு. அது தாண்டியிருந்தாலும் போங்கள். அதுவரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள்.

கரூர் வாசகர்: கீசரை எத்தனையில் வைக்க?

கோவைக்காரருக்கு மேலே சொன்னதைப் படியுங்கள். பச்சைத் தண்ணீர் முதலில்.

ஓசூர் வாசகர்: ஹீட்டர் ராடு போட்ட தண்ணீர் என்றால்?

தண்ணீர் எதில் காய்ந்தால் என்ன ஐயா? பச்சைத் தண்ணீர் முதலில்!

காஞ்சிபுரம் அம்மா: கோயிலுக்கு வெறுங்காலில் போகலாமா?

விடியற்காலையில் போங்கள். வெயில் ஏறிவிட்டால் தடித்த சாக்ஸ் இல்லாமல் பிரகாரத்தில் இறங்காதீர்கள், வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். போன சித்திரையில் மத்தியானம் நான் சுற்றினேன். இடது கால் கல்லில் பட்டதும் துள்ளியது, வலது கால் அமைதியாக ஊன்றி நின்றது. சுடுகிறதே என்று உடம்பின் பாரம் முழுவதையும் வலது காலில் போட்டு மூன்று சுற்றும் முடித்தேன். இரவு சமையலறைத் தரையில் வரிசையாக ஈரத் தடம் இருப்பதைப் பார்த்து, யார் தண்ணீரை மிதித்துவிட்டு நடந்தது என்று மனைவி கேட்டாள். எல்லாம் வலது காலின் தடம்.