மேரி கட்டடமும் ஒழுகும் மாடியும் – கடிதம்

வணக்கம். எங்கள் ஊர் நகராட்சி அலுவலகம் நூறு வயது தாண்டிய சுண்ணாம்புக் காரைக் கட்டடம். மாடி ஒழுகுகிறது. மேலே சிமென்ட் தளம் போட்டு, சுவரையும் சிமென்டால் பூசித் தருவதாக ஒப்பந்ததாரர் சொல்கிறார். இடித்துவிடலாம் என்பாரும் உண்டு. புதுச்சேரி மேரி கட்டடமே ஒரு மழைக்கு விழுந்துவிட்டதே, காரைக் கட்டடத்தின் ஆயுள் அவ்வளவுதானா? அது மாதா பெயரால் கட்டப்பட்டதா? பாதுகாக்கக் கோரி யாருக்கு மனு எழுதுவது?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மழைக்காலத்துக்கு முன் எழுத நினைத்திருந்ததை உங்கள் கடிதம் கேட்டுவிட்டது.

மாதாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பிரெஞ்சில் 'மேரி' என்றால் மேயரின் அலுவலகம். 'கொம்யூன் பஞ்சாயத்து' போல, பிரெஞ்சு ஆட்சி போன பின்னும் புதுச்சேரியில் தங்கிவிட்ட சொல்.

"ஒரு மழைக்கு விழுந்தது" என்று மட்டும் இனி எழுதாதீர்கள். 1870-71இல் கட்டியது, 2014 நவம்பர் 29 அன்று இடிந்தது. இடையில் நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட ஐப்பசி கார்த்திகைகளைக் கடலுக்கு எதிரே நின்று தாங்கியிருக்கிறது. பிறகு ஏறத்தாழ 15 கோடி ரூபாயில் அதே தோற்றத்தில் கட்டி 2021இல் திறந்தார்கள். விழுந்த பின் கிடைக்கும் பணம், ஒழுகும்போது ஏன் கிடைப்பதில்லை?

காரைச் சுவர் எளிதில் போகாது. முதலில் போவது கூரை. உங்கள் அலுவலகத்தில் அண்ணாந்து பாருங்கள். தேக்குச் சட்டங்களின் மேல் சிறு செங்கல் சாய்வாக ஓடினால் அது மெட்ராஸ் டெரஸ். 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனம் உள்ள கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்தி, சட்டத்துக்கு 45 டிகிரி சாய்வில் காரையில் பதித்திருப்பார்கள். அதன்மேல் 3, 4 அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டை துள்ளி எழும்வரை நாள்கணக்கில் அடிப்பார்கள். மேலே தட்டையான ஓடு பதிப்பார்கள்.

ஒழுகல் பெரும்பாலும் நடு மாடியில் தொடங்காது. கைப்பிடிச் சுவர் தளத்தைத் தொடும் மூலையில் தொடங்கும். மழைத்தண்ணீர் வெளியேறும் தூம்பில் சருகு அடைக்கும்; தேங்கிய தண்ணீர் சுவருக்குள் இறங்கும். சட்டத்தின் முனை அங்கேதான் புதைந்திருக்கிறது. வெளியே தெரியும் மரம் வைரம் பாய்ந்து நிற்கும். சுவருக்குள் முனை மக்கிக்கொண்டிருக்கும். இதற்கு நம்மவர்கள் செய்யும் வைத்தியம், மேலே இன்னொரு தளம். சில வருஷம் கழித்து அதன்மேல் இன்னொன்று! 4 அங்குலம் கூட்டினால் ஒரு சதுரத்துக்கு, அதாவது நூறு சதுர அடிக்கு, ஒன்றரை டன்னுக்குக் குறையாது. மக்கிய முனைமேல் அதை ஏற்றிவிட்டு, சுவரையும் சிமென்டால் மூடினால் உள்ளே இறங்கிய ஈரம் எப்படிக் காயும்? சில வருஷத்தில் அந்தப் பூச்சு செங்கலின் தோலையும் சேர்த்துப் பாளமாக உரியும்.

ஒப்பந்ததாரரிடம் சொல்லுங்கள்: போடுவது பிறகு, முதலில் எடுப்பது. பிற்காலத் தளங்களைக் கையுளியால் கொத்திப் பழைய ஜல்லித் தளம்வரை எடுக்க வேண்டும். மெஷின் வைத்து அதிரவிடக் கூடாது. ஒவ்வொரு சட்டத்தையும் சுவரோரம் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் முனை போய்விட்டது. முட்டுக் கொடுத்து அந்தச் சட்டத்தை மட்டும் மாற்றலாம். முனைக்கு அடியில் கல் வைத்து, சுற்றிலும் விரல் நுழையக் காற்றுக்கு இடம் விடுங்கள். தண்ணீர் ஓடத் தளத்துக்கு வாட்டம் (சரிவு) 5 அடிக்கு 1 அங்குலம். கைப்பிடிச் சுவரின் மூலையைச் செங்குத்தாக விடாமல் காரையால் உருட்டிப் பூச வேண்டும்.

மனுவை நகராட்சி ஆணையருக்கும் ஆட்சியருக்கும் எழுதுங்கள். அது நகர்வதற்குள் ஐப்பசி வந்துவிடும். நாளைக்கே ஓர் ஆளை மாடிக்கு அனுப்பித் தூம்பில் உள்ள சருகை அள்ளச் சொல்லுங்கள். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடித்து இழுக்க வேண்டாம். கல் பெயர்ந்து வரும், வேர் உள்ளேயே தங்கும். இரண்டு கல்லைக் கழற்றி, வேரை முழுதாக எடுத்துவிட்டு, அதே கல்லைச் சுண்ணாம்பில் திரும்பப் பதியுங்கள்.

அன்புடன்