ஒழுக்கு நின்றாலும் சுவர் காயவில்லை

கேள்வி: மேல் வீட்டுக் குளியலறை ஒழுகி எங்கள் படுக்கையறைச் சுவர் ஊறிவிட்டது. பைப்பைத் திருத்தி இரண்டு கிழமை. புட்டி வைத்து பெயின்ட் அடித்துவிடலாம் என்கிறார் பெயின்டர். அடிக்கலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இப்போது வேண்டாம். சீமெந்துப் பூச்சு குடித்த தண்ணீர் இரண்டு கிழமையில் போய்விடாது. அதுவும் காற்றே பிசுபிசுக்கும் கடற்கரைப் பக்கத்தில். மூடி அடித்தால் உள்ளிருக்கும் ஈரம் சுவரிலுள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும். பெயின்ட் கொப்புளித்து உதிரும் வெள்ளைப் பொடி அந்த உப்புத்தான்.

முதலில் ஒழுக்கு உண்மையில் நின்றதா என்று பாருங்கள். கறையின் ஓரத்தில் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதுங்கள். கறை கோட்டைத் தாண்டினால் நிற்கவில்லை. இரவு பகலாக ஊறினால் பெரும்பாலும் நல்ல தண்ணீர் பைப். மேல் வீட்டார் குளித்த பிறகு மட்டும் ஊறினால் கழிவு பைப், அல்லது குளியலறைத் தரை. தரைதானா என்றறிய, அவர்கள் சம்மதித்தால், வடிகால் வாயை அடைத்து ஓர் அங்குலத் தண்ணீரை 24 மணி நேரம் தேக்கி வைக்கலாம். தரைதான் என்றால் டைல்ஸ் இடுக்கில் வெள்ளைச் சீமெந்து அப்புவது வைத்தியமே அல்ல. டைல்ஸுக்கு அடியில் நீர்த்தடுப்புப் பூச்சு வேண்டும். அது சுவரிலும் அரை அடியாவது ஏற வேண்டும்.

இனி உங்கள் சுவர். கொப்புளித்த பெயின்டைச் சுரண்டி, பூச்சை வெறுமையாக விடுங்கள். விரல் மொழியால் தட்டும்போது பொக்கென்று கேட்கும் இடத்தில் பூச்சு கல்லை விட்டுக் கழன்றுவிட்டது. மேசனைக் கொண்டு அதைக் கொத்திப் புதிதாகப் பூசுங்கள். உப்பை உலர்ந்த பிரஷால் தட்டுங்கள். கழுவினால் கரைந்து திரும்பவும் உள்ளே போகும். ஏசி இருந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு ஓட விடுங்கள். மழை நாளில் ஜன்னலைத் திறந்து ஃபேன் போட்டால் வெளி ஈரமும் சேர்ந்து உள்ளே வரும்.

சுவர் காய்ந்துவிட்டதா என்றறிய, ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் சுவரில் விடுங்கள். உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். வியர்க்காவிட்டால் மஞ்சள் கறை மேல் எண்ணெய் ப்ரைமர் ஒரு பூச்சு. எமல்ஷன் மட்டும் அடித்தால் கறை ஊடுருவி வரும்.

கேள்வி: சீலிங் நனைந்த நாளிலிருந்து ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. திரும்பத் திரும்பத் தூக்கிவிடலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கூடாது. வீடுகளில் வழக்கமாக இருக்கும் 30 மில்லி அம்பியர் சுவிட்ச், மின்சாரம் கசிவதால்தான் விழுகிறது. நனைந்த லைட் ஹோல்டரிலோ வயர் மூட்டிலோ தண்ணீர் நிற்கலாம். அந்த சர்க்கிட்டை நிறுத்தி வைத்து, எலெக்ட்ரீஷியன் கழற்றிப் பார்க்கட்டும்.

கேள்வி: தண்ணீரில் நின்ற எம்.டி.எஃப். அலுமாரியின் அடி வீங்கிவிட்டது. காய்ந்தால் சரியாகுமா?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: ஆகாது. எம்.டி.எஃப். பலகையில் மரநாரை ஒட்டியிருக்கும் பசை விட்டுவிட்டது. அடிப்பலகையை மட்டும் மாற்றலாம். கறுப்புப் புள்ளி விழுந்திருந்தால் சவர்க்காரத் தண்ணீர்த் துணியால் துடையுங்கள். உலர்ந்தபடி தேய்த்தால் பூஞ்சணம் அறை முழுதும் பறக்கும். ப்ளீச் போடுவதானால் டாய்லெட் கழுவும் அசிட்டோடு கலக்கவே வேண்டாம், நச்சு வாயு வரும்.