மரமா, பஸ் நிறுத்தமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பலதுறைத் தொழிற்கல்லூரியில் வடிவமைப்பு படிக்கிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் முதியவர்களுக்கான இருக்கைகளை அமைப்பது எங்கள் திட்டப்பணி. பஸ் நிறுத்தத்தைப் பார்த்தபடி இருக்கைகளை வரைந்தேன். என் பாட்டி எப்போதும் அந்தப் பக்கம்தான் திரும்பி உட்காருவார். ஆசிரியரோ, சிங்கப்பூரின் ஈசூன் குளத்தை ஒட்டிப் பசுமை சூழ்ந்த கூ டெக் புவாட் மருத்துவமனையையும், சன்னல் வழியே மரங்களைப் பார்த்த நோயாளிகளைப் பற்றிய அல்ரிச் ஆய்வையும் காட்டி, “பசுமைக்கு ஆதாரம் இருக்கிறது, உன் பஸ் நிறுத்தத்துக்கு என்ன ஆதாரம்?” என்கிறார். ஆதாரம் வந்துவிட்டால் கற்பனைக்கு இடமே இல்லையா?

ஒரு மாணவி, ஈசூன்

அன்புள்ள மாணவிக்கு,

ஆசிரியர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஆய்வைக் கடைசிவரை படியுங்கள்.

ரோஜர் அல்ரிச் 1984இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டது அது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேர். பாதிப் பேரின் சன்னலுக்கு வெளியே மரங்கள், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரங்களைப் பார்த்தவர்கள் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். வீரியமான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. வயது, பாலினம், புகைப்பழக்கம் வரை பார்த்து நோயாளிகளை இருவர் இருவராக ஒப்பிட்டார். மே முதல் அக்டோபர் வரையிலான பதிவுகளை மட்டும் எடுத்தார், அப்போதுதான் அந்த மரங்களில் இலை இருக்கும் என்பதால். பழைய மருத்துவப் பதிவேடுகளில் இப்படியொரு கேள்வியைக் கண்டெடுக்கக் கற்பனை வேண்டாமா?

முடிவில் அவரே எச்சரிக்கிறார்: ஒப்பிட்டது மரத்தையும் வெறும் சுவரையும்தான், எல்லாக் கட்டடக் காட்சிக்கும் இது பொருந்தாது. நெடுநாள் சலிப்பில் கிடப்பவருக்கு, உயிரோட்டமுள்ள தெரு இயற்கைக் காட்சியைவிட நல்லதாக இருக்கலாம் என்றும் சொல்கிறார். இது நிரூபணமில்லை, ஆனால் நீங்கள் தேடவேண்டிய திசை இதுதான். தலைப்பை மட்டும் படித்துவிட்டு ‘பசுமை’ என்று முடித்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கூ டெக் புவாட்டிலும் காற்றின் போக்கைச் சோதனைகள் காட்டின. ஆனால் அந்தக் காற்றை வார்டுக்குள் திருப்ப, கட்டடத்திலிருந்து வெளியே நீளும் இறக்கைச் சுவர்களை ஒருவர் யோசித்து வரையவேண்டியிருந்தது.

பாட்டி ஒருவரை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். காலையும் மாலையும் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, யார் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், மேற்கு வெயில் எப்போது முகத்தில் அடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அனுமதி கிடைத்தால் நகர்த்தக்கூடிய நாற்காலிகளைப் போட்டுப் பாருங்கள். எல்லோரும் மரத்தின் பக்கமே திரும்பினால் வரைபடத்தை மாற்றிவிடுங்கள். சிலர் இப்படியும் சிலர் அப்படியும் திரும்பினால், இரண்டு பக்கமும் உட்காரக்கூடிய இருக்கையை வரையுங்கள்: முதுகுக்குச் சாய்மானம், எழும்போது ஊன்றக் கைப்பிடி. வரைந்ததும் எனக்கு அனுப்புங்கள்.