கல்லூரிக் கட்டடத்துக்குக் கொடை: கடலோர வாசகர்களின் கேள்விகள்

துபாயில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் கீழக்கரை. ஊர்ப் பக்கத்துக் கல்லூரியில் அம்மா பெயரில் ஒரு லேப் கட்டித் தர ஆசை. வெளிநாட்டுப் பணம் என்று சிக்கல் வருமா?

இந்தியப் பாஸ்போர்ட் உங்கள் கையில் இருந்தால் வராது. உங்கள் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்புங்கள், போதும். ஆனால் மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணனும் பங்கு போடுகிறார் என்றால் கதை வேறு. அவருடைய பணம் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. கல்லூரியை நடத்தும் அறக்கட்டளைக்கு அதற்கான பதிவு இருக்க வேண்டும், பணம் முதலில் ஸ்டேட் பாங்கின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். இரண்டு பணத்தையும் ஒன்றாகச் சேர்த்து அனுப்பிவிடாதீர்கள்.

வகுப்பறைக் கட்டடத்தின் முழுச் செலவும் எங்கள் குடும்பம் ஏற்கிறது. இன்ஜினியர் எம்30 கான்கிரீட் கேட்கிறார். வீட்டுக்கு எம்20தானே போட்டோம்? (தேவிபட்டினம்)

அவர் கேட்பது சரி. எம் என்பது கான்கிரீட்டின் வலிமைத் தரம், எண் கூடினால் வலிமை கூடும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி கடலோரச் சூழலில் கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 வேண்டும், கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் கனம்) வேண்டும். உப்புச் சாரல் நேராக அடிக்கும் இடம் என்றால் எம்35, 50 மி.மீ.

போன வருடம் கடலை ஒட்டிய ஒரு கல்லூரியில் தூண் ஒன்றைச் சாவியால் தட்டிப் பார்த்தேன். கட்டிப் பன்னிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. 'பொத் பொத்' என்று சத்தம். விரலால் நெம்பியதும் கைப்பிடி அளவு பெயர்ந்து வந்தது. உள்ளே ரிங் கம்பி அப்பளம் மாதிரி ஏடு ஏடாக உதிர்ந்தது. உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்தால் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதுதான் கான்கிரீட்டை வெடிக்க வைக்கிறது. அங்கே அந்தக் கனம் கிடைப்பதற்காகக் கம்பிக்கு முட்டுக் கொடுக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லியைச் சொருகியிருந்தார்கள், கலவைக்கு ஊற்றியது வளாகத்துக் கிணற்றின் உவர் தண்ணீர். விதிப்படி கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பணம் தருகிற நீங்கள் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையைத் தாராளமாகக் கேட்கலாம். கான்கிரீட் போடும் நாளில் ஒருமுறை நேரில் போய்க் கவர் பிளாக்கையும் பாருங்கள்.

பழைய மாணவர்கள் சேர்ந்து மெக்கானிக்கல் துறைக்கு ஒரு சி.என்.சி. மெஷின் (கணினி சொல்கிறபடி உலோகத்தை வெட்டும் இயந்திரம்) வாங்கித் தரலாமா?

தரலாம். அதற்கு முன் லேப் பொறுப்பாளரிடம் உட்கார்ந்து பேசுங்கள். மூடிய அறை இருக்கிறதா, த்ரீ பேஸ் இணைப்பு தாங்குமா, ஓட்டத் தெரிந்த ஆள் உண்டா? மழைக்கால ஈரக்காற்றில் எண்ணெய் தடவாத லேத் படுக்கை சனி, ஞாயிறு இரண்டு நாளில் செம்பழுப்பாகிவிடும். பார்க்கவே வயிறு எரியும். என் யோசனை இது: கொஞ்சம் சின்ன மெஷினாக வாங்குங்கள், மிச்சத்தை மூலநிதியாக, அதாவது முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவழிக்கும் பணமாகக் கொடுங்கள். 'மூலநிதிக்கு, வட்டி பராமரிப்புக்கு' என்று கடிதத்தில் எழுதித் தர வேண்டும். எழுதாவிட்டால் அது அன்றாடச் செலவில் கரைந்துவிடும்.

கடலைப் பார்த்த 3 ஏக்கர் நிலம் இருக்கிறது, தானமாகத் தரலாமா?

பத்திரம் எழுதும் முன் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தைப் பாருங்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லை) 500 மீட்டருக்குள் கட்டுப்பாடுகள் உண்டு, அலையை ஒட்டிய பகுதியில் கட்டடமே கட்ட முடியாமல் போகலாம். அப்புறம், நிலமாகத் தந்தால், 80ஜி என்று சொல்லப்படும் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை கிடையாது.

ரொக்கமாகத் தந்தால்?

2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் என்றால் அந்தச் சலுகை இல்லை. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு எப்படித் தந்தாலும் இல்லை.

பெயர்ப் பலகை கேட்பது தவறா? (தொண்டி)

தவறே இல்லை. பெற்றவர் பெயர் நிலைக்க வேண்டும் என்பது நல்ல ஆசை. ஆனால் ஒன்று சொல்கிறேன். காரைக்குடி நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த காலத்தில், மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அங்கே வருவதற்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். ஆய்வகத்தின் பெயரில் அவர் பெயர் இல்லை. அதே ஆய்வகம் மண்டபத்தில் நிலையம் அமைத்து, நம் உப்புக் காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று ஆராய்ந்து வருகிறது.

பலகையைக் கிரானைட்டில் செதுக்கி வையுங்கள். பொருத்த இரும்பு ஆணி வேண்டாம், 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். இரும்பு ஆணி அடித்தால் இரண்டே மழையில் அம்மாவின் பெயர் மேல் துருக்கோடு இறங்கும்.