பாங்காக் போகிறவர்களின் கேள்விகள்

கே: ராத்திரி ஒன்பது மணிக்குச் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்குகிறோம். ஊருக்குள் எப்படிப் போவது?

ப: ரயில் நள்ளிரவு வரை உண்டு. ஊருக்குள் இருக்கும் பாயா தாய் ஸ்டேஷன் வரை 45 பாட் (தாய்லாந்துக் காசு); அங்கே பிடிஎஸ் எனும் நகர ரயிலுக்கு மாறலாம். பெட்டி நிறைய இருந்தால் டாக்சிதான். தரைத்தளத்து இயந்திரத்தில் சீட்டு எடுத்து, அதில் போட்டிருக்கும் இடத்தில் நிற்கும் வண்டியில் ஏறுங்கள். சாதா காருக்கு மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். விமான நிலையத்துக்கென்று 50 கூடுதல், டோலும் நம் கணக்கு. வெளியே வந்ததும் "டாக்சி, டாக்சி" என்று பெட்டியைப் பிடிக்க வருகிறவரைக் கண்டுகொள்ளாதீர்கள்.

கே: கிராண்ட் பேலஸ் அரண்மனை வாசலில் ஏமாற்றுகிறார்களாமே?

ப: வாசலில் இல்லை, அதற்குக் கொஞ்சம் முன்னால். நன்றாக உடுத்திய ஒருவர், நல்ல ஆங்கிலத்தில், "இன்று பூஜை, மதியம்தான் திறப்பார்கள்" என்பார். இந்தியா என்றதும் நம் நடிகர் பெயரெல்லாம் வரும். அதுவரை சுற்றிப் பார்க்க ஒரு டுக்டுக்கையும் (அங்கத்து ஆட்டோ) அவரே நிறுத்துவார், வெறும் 20 பாட்டுக்கு! அது ஒரு கோயிலைக் காட்டிவிட்டு நேராக நகைக்கல் கடைக்குப் போகும். "அரசாங்கத் தள்ளுபடி, இன்றே கடைசி, ஊரில் விற்றால் இரட்டிப்பு" என்பார்கள். உங்களைக் கொண்டுவந்துவிட்டதற்கு டுக்டுக்காரருக்குக் கமிஷன். கல் போட்ட காசுக்குத் தேறாது.

அரண்மனை காலை 8.30-க்குத் திறக்கும், டிக்கெட் மாலை 3.30 வரை. அரச விழா நாட்களில் மூடுவதும் உண்டுதான். அதையும் டிக்கெட் கவுன்டரிலேயே கேளுங்கள். அரைக்கால் சட்டை, கையில்லாத மேல்சட்டை வேண்டாம்.

கே: டாக்சிக்காரர் மீட்டர் போட மறுத்தால்?

ப: இறங்கி அடுத்த வண்டி பாருங்கள். சண்டை வேண்டாம். சுற்றுலா இடத்தில் நிற்கும் வண்டியைவிட ஓடும் வண்டியைக் கைகாட்டி நிறுத்துவது மேல். வண்டி கூப்பிடக் கிராப் செயலியும் இருக்கிறது. அரண்மனைக்கு என்றால் நான் படகைத்தான் சொல்வேன்: சபான் தாக்சின் பிடிஎஸ் ஸ்டேஷனை ஒட்டிய படகுத்துறையில் ஆரஞ்சுக் கொடிப் படகு, அரண்மனைக்குப் பக்கத்துத் துறையான தா சாங்கில் இறங்கலாம். ரோட்டு நெரிசலே கிடையாது, காற்றும் வரும்.

கே: புக்கெட் தீவில் ஸ்கூட்டர் ஓட்ட நம் லைசென்ஸ் போதுமா?

ப: போதாது. ஆர்டிஓ தரும் சர்வதேச ஓட்டுநர் உரிமமும் வேண்டும், அதில் இருசக்கர வாகனமும் சேர்ந்திருக்க வேண்டும். அது இல்லாமல் விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் பெரும்பாலும் கைவிரித்துவிடும். அடமானமாகப் பாஸ்போர்ட்டைக் கேட்டால் வேறு கடை பாருங்கள். எடுக்கும் முன் கடைக்காரர் எதிரிலேயே வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்துவிடுங்கள், பழைய கீறல் உங்கள் தலையில் விழாது. கடலில் ஓட்டும் ஜெட் ஸ்கீயை வாடகைக்கு எடுத்தாலும் இப்படி வீடியோ எடுங்கள்.

கே: மின் சிகரெட்?

ப: தடை. பெட்டியிலேயே வைக்காதீர்கள்.

கே: ஏதாவது ஆகிவிட்டால் யாரைக் கூப்பிடுவது?

ப: சுற்றுலாப் போலீஸ் 1155, ஆங்கிலத்தில் பேசலாம். ஆம்புலன்ஸ் 1669. தங்கும் விடுதியின் பெயரைத் தாய்லாந்து எழுத்தில் உள்ள கார்டாகக் கேட்டு வாங்கிப் பர்ஸில் வையுங்கள்; செல்போனில் சார்ஜ் தீர்ந்துபோனாலும் டாக்சிக்காரரிடம் அதை நீட்டினால் போதும்.