தூர் வாருவதற்கு முன் ஏரி யாருடையது என்று பாருங்கள்

வேலூர்ப் பக்கத்து ஊராட்சிகளில் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊருக்குத் திட்டம் போடுவது பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

அணைக்கட்டுக்காரர் ஒருவர்: ஊர்க்காரர்கள் சேர்ந்து திட்டம் போடலாம் என்று இருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது ஐயா?

தரையிலிருந்து! ஒரு ஊரில் மாரியம்மன் கோயில் வாசலில் கோலமாவால் ஊர்ப்படம் போட்டோம். தெரு, பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் பசங்க வரைந்துவிட்டார்கள். ஏரிக்கு வரும் கால்வாயை மட்டும் யாரும் போடவில்லை. பாட்டி ஒருவர் எழுந்து வந்து, மலையடிவாரத்திலிருந்து புளியங்கொட்டையாக வைத்துக்கொண்டே போனார். வரிசை இரண்டு வீட்டையும் ஒரு தென்னந்தோப்பையும் தாண்டித்தான் ஏரியைத் தொட்டது. தோப்புக்காரர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு வேறு பேச்சே ஓடவில்லை. ஒன்று கவனியுங்கள்: காலனி ஆட்களும் தயங்காமல் வந்து உட்காரும் இடமாக இருக்க வேண்டும். கோயில் வாசல் தோதுப்படாவிட்டால் பள்ளிக்கூடத் திடலுக்குப் போங்கள். நாங்கள் அதைப் பிறகுதான் யோசித்தோம்.

கே.வி.குப்பத்திலிருந்து: மூன்று கிராம சபையில் ஏரி தூர் வாரத் தீர்மானம் போட்டும் ஒன்றும் நடக்கவில்லையே?

தீர்மானத்தில் என்ன எழுதினீர்கள்? ‘ஏரியைத் தூர் வார வேண்டும்’ என்று ஒற்றை வரி என்றால் அது ஃபைலில் தூங்கும். ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் ஏரி நீர்வளத் துறையுடையது; குறைவென்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. யாரைக் கேட்க வேண்டுமோ அவரைக் குறிப்பிட்டு, சர்வே எண், எந்த மதகு, கரை எங்கே உடைந்திருக்கிறது என்று எழுதுங்கள். வி.ஏ.ஓ.விடம் (கிராம நிர்வாக அலுவலர்) நிலத்தின் எல்லை காட்டும் புலப்படமும், எந்த நிலம் யாருடையது என்று சொல்லும் ‘அ’ பதிவேடும் பாருங்கள். அப்புறம் தீர்மான நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

குடியாத்தத்து அம்மா ஒருவர்: கிராம சபைக் கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை. வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார்கள்.

அது கூட்டமே இல்லை அம்மா, எழுந்து கேளுங்கள். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேர் வர வேண்டும். 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கூட்டம். அக்டோபர் 2-ஐ விடாதீர்கள், அடுத்த வருடத் திட்டப் பேச்சு அதையொட்டித்தான். மே 1? வேலூர் வெயிலில் பகல் பதினொரு மணிக்கு வைத்தால் நானே வரமாட்டேன்.

கணியம்பாடித் தம்பி: பணம்?

வருகிற பணமெல்லாம் நம் இஷ்டத்துக்கு இல்லை. மத்திய அரசின் 15ஆவது நிதிக் குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கினார்கள். ஊரும் அரசும் பங்கு போட்டுச் செய்யும் ‘நமக்கு நாமே’ திட்டம் என்றால் பொதுவாக ஊர்ப் பங்கு மூன்றில் ஒன்றாவது வேண்டும். உங்கள் பக்கத்து நாகநதியில் நூறு நாள் வேலையில்தான் பெண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் உறைகிணறுகள் போட்டார்கள். அந்த வேலைக்குப் போன அக்கா யாராவது உங்கள் ஊரிலேயே இருப்பார். கூட்டத்தில் முதலில் அவரைப் பேச விடுங்கள்.