ரைன் கரைப் பயணத்துக்குச் சொந்த சைக்கிளா, வாடகை சைக்கிளா?

கேள்வி: நானும் என் தம்பியும் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து ரைன் நதிக்கரை வழியாக நெதர்லாந்தின் ராட்டர்டாம் வரை மூன்று வாரம் சைக்கிளில் செல்லவிருக்கிறோம். எங்கள் சைக்கிள்களைத் திருச்சியிலிருந்து விமானத்தில் கொண்டுபோவது சிக்கனமா, அங்கே வாடகைக்கு எடுப்பது சிக்கனமா?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: உங்கள் பயணம் ஓர் ஊரில் தொடங்கி வேறு நாட்டில் முடிவதால், சொந்த சைக்கிளையே கொண்டுபோகுமாறு சொல்வேன். வாடகைக் கடைகள் பெரும்பாலும் எடுத்த இடத்திலேயே திருப்பித் தரச் சொல்லும். வேறு ஊரில் விட அனுமதிக்கும் கடைகள் அதற்குத் தனிக் கட்டணம் கேட்கும். இருபத்தொரு நாள் வாடகையோடு அதையும் கூட்டிப் பாருங்கள். தவிர, நாள்தோறும் பல மணி நேரம் அமரப்போகும் சைக்கிள் உங்கள் உடலுக்குப் பழகியதாக இருப்பது பணக் கணக்கைவிடப் பெரிது. இதுவே நாலைந்து நாள் சுற்றிவிட்டுப் புறப்பட்ட ஊருக்கே திரும்பும் பயணமாக இருந்தால், தயங்காமல் வாடகைக்கு எடுக்கச் சொல்லியிருப்பேன்.

செலவு கூடுவதும் குறைவதும் டிக்கெட்டில்தான் இருக்கிறது. சில விமான நிறுவனங்கள் சைக்கிளை இலவசச் சுமைக்குள் கணக்கிடுகின்றன. சில, ஒவ்வொரு வழிக்கும் தனியாகக் கட்டணம் வாங்குகின்றன. சாதாரணப் பெட்டிக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 158 செ.மீ. என்பது பல நிறுவனங்களின் வரம்பாக இருக்க, 140, 80, 22 என்ற அளவுள்ள சைக்கிள் பெட்டியோ 242 செ.மீ. ஆகிவிடுகிறது, ஆகவே எடை 23 கிலோவுக்குள் அடங்கினாலும் முன்பதிவு அவசியம். திருச்சியிலிருந்து வழியில் விமானம் மாற வேண்டியிருப்பதால், முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் நடுவழியில் பெட்டியைப் பெற்று மீண்டும் ஒப்படைத்து, இரண்டாம் முறையும் கட்டணம் செலுத்த நேரிடலாம். முதல் கட்டம் சிறிய விமானமாக இருந்தால் அதில் பெட்டி நுழையுமா என்பதையும் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் எழுத்தாகவே வாங்கிவிடுங்கள். மின்சார சைக்கிள் என்றால் வேறு வழியில்லை, வாடகைதான்: 160 வாட்-மணிக்கு (பேட்டரி சேமிக்கும் மின்சாரத்தின் அளவு) மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

பெட்டிக்குப் பெரிய செலவு வேண்டாம். புது சைக்கிள் வரும் அட்டைப்பெட்டியைக் கடையில் கேட்டு வாங்கலாம்; திரும்பும்போது ராட்டர்டாமிலும் அப்படியே கேட்கலாம். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் சுழலும் என்பதைக் கழற்றும்போது மறவாதீர்கள். சக்கரம் கழற்றிய ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) இரு முனைகளுக்கு நடுவே முட்டுக் கொடுங்கள், நசுங்காது. மூடுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். சேதம் தெரிந்தால் விமான நிலையத்திலேயே புகாரைப் பதிவுசெய்யுங்கள். சர்வதேச விமானப் பயணங்களுக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பெட்டி கைக்கு வந்த 7 நாட்களுக்குள் எழுத்தில் புகார் தராவிட்டால் இழப்பீட்டு உரிமை போய்விடும்.